மேரி பாப்பின்ஸ் ஏன் எதற்கும் விளக்கம் சொல்வதில்லை

மேரி பாப்பின்ஸ் என்றால் ஜூலி ஆண்ட்ரூஸின் சிரித்த முகமும், குடையைப் பிடித்தபடி லண்டன் கூரைகளுக்கு மேல் மிதந்து வரும் காட்சியும்தான் பலருக்கு ஞாபகம் வரும். 1964இல் வந்த டிஸ்னி படம் செய்த வேலை அது. அந்த ஞாபகத்தோடு பி. எல். டிராவர்ஸ் 1934இல் எழுதிய மூல நூலைக் கையில் எடுத்தால் முதல் அத்தியாயத்திலேயே தூக்கிவாரிப் போடும். அதில் வரும் ஆயா சிடுமூஞ்சி. தற்பெருமைக்காரி. கடைக் கண்ணாடியில் தன் புதுத் தொப்பியையும் கையுறையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளாமல் எந்தத் தெருவையும் தாண்டமாட்டாள். குழந்தைகள் கேள்வி கேட்டால் மூக்கை உறிஞ்சி ஒரு ‘ஹும்’. கொஞ்சல், கட்டியணைப்பு, செல்லப் பெயர் எதுவும் கிடையாது. பார்க்கவும் பேரழகி இல்லை; ஒல்லியான உடம்பு, பெரிய கை கால், பளபளக்கும் கறுப்பு முடி என்று ஒரு மரப்பொம்மை போல இருக்கிறாள் என்றுதான் அந்த வீட்டுப் பெண் குழந்தைக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்டவளை விட்டுப் பிரிய அந்தக் குழந்தைகளுக்கு ஏன் மனம் வரவில்லை என்பதுதான் இந்த நூலின் புதிர். படம் அந்தப் புதிரைச் சுலபமாகத் தீர்த்துவிட்டது: ஆயாவையே இனிப்பானவளாக மாற்றிவிட்டது. டிராவர்ஸ் வாழ்நாள் முழுக்க அதை மன்னிக்கவில்லை. கிழவியின் பிடிவாதம் என்று பலர் அதைச் சிரித்துக் கடந்தார்கள். எனக்கென்னவோ அவர் பக்கம் நியாயம் இருந்ததாகவே படுகிறது. அந்தக் கடுகடுப்பை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் மந்திரமும் நிற்காது. அதற்கான காரணம் பாதி அவர் வாழ்க்கையில் இருக்கிறது, பாதி அவர் எழுதிய விதத்தில்.

முதலில் அந்த வருகையைப் பார்த்துவிடலாம். லண்டனில் செர்ரி மரத் தெரு, 17ஆம் எண் வீடு. தெருவிலேயே சின்ன வீடு. பெயின்ட் உரிந்து கிடக்கிறது. வசதியான நல்ல வீடு வேண்டுமா, நாலு குழந்தைகள் வேண்டுமா, இரண்டும் சேர்ந்து கட்டுப்படியாகாது என்று வீட்டுத் தலைவர் பேங்க்ஸ் தன் மனைவியிடம் கேட்டிருந்தார். அம்மா குழந்தைகள் என்று சொன்னதால் வந்த வீடு அது. ஜேன், மைக்கேல், அப்புறம் கைக்குழந்தைகளான இரட்டையர் ஜான், பார்பரா. பழைய ஆயா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். கீழைக்காற்று மரங்களை வளைத்துக்கொண்டிருக்கும் சாயங்காலம், ஜேனும் மைக்கேலும் ஜன்னலோரம் அப்பா வரவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். வாசற்கதவருகே ஒரு உருவம் காற்றில் வந்து மோதுகிறது. பெண் என்று தெரிந்த மறுகணம் காற்று அவளை அப்படியே தூக்கி வீட்டு வாசலில் வீசுகிறது, வீடே அதிர்கிறது.

உள்ளே வந்தவளிடம் திருமதி பேங்க்ஸ், முன்பு வேலை பார்த்த இடத்து நற்சான்றுக் கடிதம் கேட்கிறார். அதெல்லாம் கொடுக்கும் வழக்கமில்லை, அது பழைய பஞ்சாங்கம் என்று பதில் வருகிறது. கேட்டவருக்கே தாம் ஏதோ பட்டிக்காட்டுத்தனமாகக் கேட்டுவிட்டோமோ என்று கூச்சம் வந்துவிடுகிறது. வேலைக்கு எடுப்பது யார், சேருவது யார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தலைகீழாகிவிடுகிறது. அம்மா முன்னால் மாடியேற, ஆயா பின்னாலேயே மாடிப்படியின் கைப்பிடியில் உட்கார்ந்து மேல்நோக்கிச் சறுக்கி வருகிறாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைகள் பார்த்துவிட்டார்கள்.

பிறகு அந்தக் கம்பளப் பை. ஜேனும் மைக்கேலும் பார்க்கிறார்கள், உள்ளே ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத பையிலிருந்து கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், சன்லைட் சோப்புக் கட்டி, பல்துலக்கும் பிரஷ், கொண்டை ஊசிப் பொட்டலம், சென்ட் பாட்டில், மடக்கு நாற்காலி, தொண்டை மாத்திரை டப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. கடைசியில் படுக்க ஒரு மடக்குக் கட்டிலே வருகிறது. இந்தப் பட்டியலில் மந்திரக்கோல் இல்லை, மின்னும் கல் இல்லை. சன்லைட் சோப்பு இருக்கிறது. டிராவர்ஸின் கைவரிசை இதுதான்: அதிசயம் நடக்கிற இடத்தில் வைக்கிற பொருள் எப்போதும் மளிகைக் கடைச் சாமான்.

அன்றிரவு படுக்கும் முன் ஒரு மருந்து பாட்டில். ஒரே பாட்டில், ஒரே ஸ்பூன். மைக்கேலுக்கு அது ஸ்ட்ராபெர்ரி ஐஸ் ருசி, ஜேனுக்கு எலுமிச்சை சர்பத், இரட்டையருக்கு வெறும் பால். கடைசியாகத் தானும் ஒரு ஸ்பூன் ஊற்றிக்கொள்கிறாள். அது ரம் பஞ்ச். குழந்தைகள் கதைப் புத்தகத்தில் ஆயா ரம் குடிக்கிறாளே என்று இப்போது சிலர் நெளியலாம். எனக்குப் பிடித்த இடம் அது. எங்களை விட்டுப் போகமாட்டாயே என்று மைக்கேல் கேட்டதற்கு, காற்று மாறும்வரை இருப்பேன் என்கிறாள். ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் சொல்வதில்லை.

இப்படிப் பேசத் தெரிந்த பெரியவர்கள் டிராவர்ஸின் சிறுவயதில் குறைவு. அவருடைய இயற்பெயர் ஹெலன் லிண்டன் காஃப். ஆங்கிலப் பிள்ளைக் கதைகளில் இத்தனை பேர் பெற்ற ஒன்றை எழுதியவர் பிறந்தது லண்டனில் இல்லை, ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மேரிபரோ ஊரில், 1899 ஆகஸ்ட் 9ஆம் தேதி. அப்பா டிராவர்ஸ் ராபர்ட் காஃப் வங்கி மேனேஜர். குடிப்பழக்கம் இருந்தது. மேனேஜர் பதவி போய் குமாஸ்தாவாக இறக்கப்பட்டார். குடும்பம் அலோரா என்ற சிற்றூருக்கு வந்தது. 1907இல் அங்கேயே அவர் இறந்தபோது மகளுக்கு 7 வயது. பின்னாளில் நடிப்புக்கும் எழுத்துக்கும் அந்தப் பெண் எடுத்துக்கொண்ட பெயர் அப்பாவின் முதற்பெயர்.

நூலில் பேங்க்ஸ் தினமும் நகரத்துக்குப் போய்ப் பெரிய மேசைமுன் உட்கார்ந்து காசு செய்கிறார். பெனியும் ஷில்லிங்கும் வெட்டி வெட்டி எடுத்து ஒரு சின்னக் கறுப்புப் பையில் வீட்டுக்குக் கொண்டுவருகிறார். சில நாள் பிள்ளைகளின் உண்டியலுக்கும் கொஞ்சம் கிடைக்கும். கிடைக்காத நாளில் ‘பேங்க் உடைந்துவிட்டது’ என்பார். இன்று சரியாகக் காசு செய்யவில்லை போலிருக்கிறது என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். படிக்கும்போது சிரிப்பு வரும். எழுதியவரின் அப்பா யாரென்று தெரிந்த பிறகு அந்தப் பத்தியை முன்போலச் சிரித்துக்கொண்டு கடக்க முடிவதில்லை.

அப்பா போன பிறகு அம்மா மூன்று பெண்களோடு நியூ சவுத் வேல்ஸின் பவ்ரல் ஊருக்குக் குடிபோனார். ஒரு புயல் மழை இரவு, ஓடையில் விழுந்து சாகப்போகிறேன் என்று அம்மா வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். பத்துப் பதினோரு வயது மூத்த பெண் என்ன செய்வாள்? தங்கைகளைக் கணப்பருகே உட்காரவைத்து, ஒரே போர்வைக்குள் மூன்று பேரும் புகுந்துகொண்டு, கதை சொல்ல ஆரம்பித்தாள். சிறகே இல்லாமல் பறக்கும் ஒரு வெள்ளைக் குதிரையின் கதை. அம்மா திரும்பி வரும்வரை கதை ஓடியது. நல்லவேளையாகத் திரும்பி வந்தார். அந்த இரவைப் பற்றி டிராவர்ஸ் முதுமையில் எழுதியிருக்கிறார்.

அப்பா உடைந்துபோனார், அம்மா உடையும் நிலையில் இருந்தார். இந்தக் குடும்பத்தில் உடையாமல் நின்றவர் ஒரே ஒருவர், அம்மாவை வளர்த்த அத்தைப் பாட்டி ஹெலன் மோர்ஹெட். வாயைத் திறந்தால் குத்தல். எல்லாரையும் அதட்டுவார், யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் கஷ்டம் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நிற்பதும் அவர்தான். ‘சாஸ் அத்தை’ என்ற பெயரில் டிராவர்ஸ் 1941இல் அவரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, தனிச்சுற்றில் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுத்தார். என்றைக்காவது இவரை ஒரு புத்தகத்தில் வைக்கவேண்டும் என்று நினைத்ததாகவும், யோசித்துப் பார்த்தால் தன்னையறியாமல் ஏற்கெனவே வைத்துவிட்டதாகவும் அதன் முடிவில் சொல்கிறார். எந்தப் புத்தகம் என்பதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கிளித்தலைக் குடை வந்தது இன்னொருத்தியிடமிருந்து. சிறுவயதில் வீட்டில் வேலை பார்த்த ஒரு பெண், பெயர் பெர்த்தாவோ பெல்லாவோ, கிளித்தலைப் பிடி வைத்த குடை ஒன்றை வைத்திருந்தாள். விடுமுறை நாளில் அதை எடுத்துக்கொண்டு மிடுக்காகக் கிளம்புவாள். திரும்பி வந்ததும் சொந்தக்காரர்களைப் பற்றி ஏதோ ஒரு பெரிய விஷயத்தை ஆரம்பிப்பாள். ஆனால் சின்னப் பிள்ளைகள் கேட்கிற சங்கதி இல்லை என்று பாதியிலேயே வாயை மூடிக்கொள்வாள். குழந்தைக்கு அதைவிடப் பெரிய தூண்டில் கிடையாது. சொல்லாமல் விட்ட அந்த மீதிப் பாதியில்தான் இந்த நூல்கள் எல்லாமே நடக்கின்றன என்று தோன்றுகிறது.

எப்படி என்று பார்க்க ஒரு அத்தியாயம் போதும், முதல் நூலின் பத்தாவது அத்தியாயம். பௌர்ணமி இரவு. யாரோ கூப்பிடும் குரல் கேட்டு ஜேனும் மைக்கேலும் எழுந்து, அந்தக் குரலின் பின்னாலேயே போய் மிருகக்காட்சிசாலையை அடைகிறார்கள். அங்கே எல்லாம் தலைகீழ்: மிருகங்கள் வெளியே உலாத்துகின்றன, கூண்டுகளுக்குள் மனிதர்கள். அதே தெருவில் குடியிருக்கும் அட்மிரல் பூம் உள்ளே நின்று கத்திக்கொண்டிருக்கிறார். மனிதர்களுக்கு இரை போடும் நேரம் என்று மிருகங்கள் வேடிக்கை பார்க்கக் கூடுகின்றன. அன்று மேரி பாப்பின்ஸின் பிறந்தநாள். பாம்புக் கூடத்தில் ஒரு ராஜநாகம் அவளுக்கு உறவுமுறையில் ஒன்றுவிட்ட சகோதரன். அது தன் சட்டையை உரித்து அவளுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கிறது. வெளியே சிங்கமும் முயலும் கைகோத்து வட்டமாக ஆடும்போது ராஜநாகம் குழந்தைகளிடம் சொல்லும் சேதி, குழந்தை நூல்களில் சாதாரணமாகக் கிடைக்காதது: தின்பதும் தின்னப்படுவதும் கடைசியில் ஒன்றாகவே இருக்கலாம், மரம், கல், பறவை, விலங்கு, நட்சத்திரம், நாம் எல்லாருமே ஒரே சரக்கில் செய்தவர்கள்.

மறுநாள் காலை, இருவரும் ஒரே கனவைக் கண்டிருக்கிறோமே என்று ஜேனும் மைக்கேலும் பேசிக்கொள்கிறார்கள். மேரி பாப்பின்ஸிடம் கேட்டால் சீறுகிறாள். நானாவது, ராத்திரியில் மிருகக்காட்சிசாலையிலாவது, என்னை யார் என்று நினைத்தாய், கஞ்சியைக் குடி. பேச்சு முடிந்தது. ஆனால் அவள் இடுப்பில் பொன்னிறப் பாம்புத்தோல் பெல்ட் ஒன்று இருக்கிறது. மிருகக்காட்சிசாலையின் அன்பளிப்பு என்று அதில் நெளிநெளியான எழுத்து.

இதே ஏற்பாடுதான் திரும்பத் திரும்ப வருகிறது. சிரிப்பு வாயு உடம்பில் ஏறிக் கூரைவரை மிதக்கும் விக் மாமாவோடு, மேசையும் டீயும் அந்தரத்தில் தொங்க, விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் குழந்தைகள் வாயைத் திறந்தால், என் மாமா கண்ணியமான உழைப்பாளி, அவரைப் பற்றி அப்படிப் பேசாதே என்று அடக்கிவிடுகிறாள். கிழவி கோரியின் கடையில் வாங்கிய இஞ்சி ரொட்டிமேல் ஒட்டியிருந்த ஜிகினா நட்சத்திரங்களைக் குழந்தைகள் பத்திரமாக ஒளித்துவைக்கிறார்கள். நள்ளிரவில் அவள் அவற்றை எடுத்துக்கொண்டு போகிறாள். ஏணி போட்டு, பசை தடவி, கோரியும் மகள்களும் அவளும் அந்தக் காகித நட்சத்திரங்களை வானத்தில் ஒட்டுவதை ஜன்னல் வழியே இருவரும் பார்க்கிறார்கள். காகிதம்தான் நட்சத்திரமா, நட்சத்திரம்தான் காகிதமா என்று ஜேன் யோசிக்கிறாள். பதில் சொல்ல ஆளில்லை.

அவள் மறுப்பதால்தான் நடந்தது குழந்தைகளுக்குச் சொந்தமாகிறது. ஆமாம், நேற்று மந்திரம் போட்டேன், நன்றாயிருந்ததா என்று அவளே கேட்டுவிட்டால் அது சர்க்கஸ். பார்த்துக் கைதட்டிவிட்டு மறந்துவிடலாம். அவள் இல்லவே இல்லை என்கிறபோது, பெல்ட்டைப் பார்த்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இனி அதை நம்புவதும் காப்பாற்றுவதும் அவர்கள் பாடு. கண்டிப்புக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. சட்டை பட்டன் போடு, வாயை மூடி மெல்லு, நேரத்துக்குப் படு என்று நாள் முழுக்க ஒழுங்கு பிடிக்கிறவள் பக்கத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் கூண்டில் இருக்கும் உலகத்துக்குள் பயமில்லாமல் போய்வர முடிகிறது. அவளும் விளையாட்டுப் பேர்வழியாக இருந்திருந்தால் அந்தப் பௌர்ணமி இரவு பேய்க்கதையாகியிருக்கும்.

அந்தக் காலத்து ஆங்கில வாசகர்களுக்கு இந்தக் கண்டிப்பு புதிதாகவும் இருந்திருக்காது. நடுத்தர, மேல்தட்டு வீடுகளில் குழந்தைகள் இருந்தது மாடி அறையில், ஆயாவின் ராஜ்ஜியத்தில். சாயங்காலம் தலைவாரி, உடைமாற்றி, ஒரு மணி நேரம் பெற்றோரிடம் அழைத்துப்போவார்கள், அவ்வளவுதான். ஆயா வேலைக்கென்றே 1892இல் எமிலி வார்ட் தொடங்கிய நார்லண்ட் பயிற்சி நிலையம் இன்றும் பாத் நகரில் நடக்கிறது. பெற்ற தாயைவிட ஆயாவை நன்றாகத் தெரிந்த தலைமுறைகள் அங்கே உண்டு. அந்த ஆயா மாதச் சம்பளக்காரி. ஒரு நாள் போய்விடுவாள் என்பதும் குழந்தைகளுக்குத் தெரியும். காற்று மாறினால் போய்விடுவேன் என்பது அந்தத் துயரத்தின் மந்திர வடிவம்.

இந்தியாவிலிருந்து பிரிட்டிஷ் குடும்பங்கள் கப்பலில் அழைத்துப்போன ஆயாக்களின் கதை இதைவிடக் கொடுமை. ஊர்போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று லண்டனில் கைவிடப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தங்கிய ஹாக்னி விடுதிக் கட்டடத்தில் 2022இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். மேரி பாப்பின்ஸ் அளவுக்கு அந்தப் பெண்கள் கதைகளில் பேசப்படவில்லை.

டிராவர்ஸுக்கு வருவோம். நாடகக் கம்பெனியில் ஷேக்ஸ்பியர் பாத்திரங்கள், பத்திரிகையில் கவிதை, பத்தி என்று கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு 1924இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மேரி பாப்பின்ஸ் என்ற பெயர் முதலில் அச்சேறியது 1926 நவம்பரில், நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்து நாளிதழ் ஒன்றில் வந்த சிறுகதையில். நடைபாதையில் சித்திரம் போடும் தீப்பெட்டிக்காரன் பெர்ட்டும் அவளும் அந்தச் சித்திரத்துக்குள்ளேயே போய் டீ குடித்துவிட்டு வரும் கதை. எட்டு ஆண்டு கழித்து அது நூலின் இரண்டாவது அத்தியாயமாக வளர்ந்தது. நூலுக்குப் படம் வரைந்த மேரி ஷெப்பர்ட், வின்னி த பூ கரடிக்கு உருவம் கொடுத்த ஓவியரின் மகள்.

இந்த இடைக்காலத்தில் அவருக்குக் கிடைத்த வழிகாட்டி அயர்லாந்துக் கவி ஜார்ஜ் வில்லியம் ரஸ்ஸல், ஏ.ஈ. என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். தியசாபிக்காரர், அதாவது பிரம்மஞான சபை வழியில் நின்றவர்; உபநிடதமும் கீதையும் படித்து ஊறியவர், கவி யேட்ஸின் நண்பர். இந்த ஆயா பழைய யுகத்தில் பிறந்திருந்தால் பொற்கூந்தலும், ஒரு கையில் மலர்வளையமும், மறுகையில் ஈட்டியும், காலில் சிறகு முளைத்த செருப்புமாக வந்திருப்பாள், இது கலியுகமாகப் போய்விட்டதால் இந்தக் காலத்துக்கேற்ற உடுப்பில் வந்திருக்கிறாள் என்று அவர் சொன்னதை டிராவர்ஸ் பிறகு ஒரு சொற்பொழிவில் நினைவுகூர்ந்தார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதைவிட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் விளக்குகிறது. அவள் மாறுவேடத்தில் வந்த ஒரு தெய்வம் என்று வைத்துக்கொண்டால் அந்தத் திமிர், அந்த மூக்குறிஞ்சல், கண்ணாடி பார்த்துக்கொள்ளும் கர்வம் எல்லாமே பொருந்திவிடுகின்றன. நம்மூர்க் கதைகளிலும் தெய்வங்கள் தாங்கள் யாரென்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.

டிராவர்ஸின் தேடல் அதோடு நிற்கவில்லை. குர்ஜீஃப் என்ற ஞானாசிரியரின் வழியில் பல ஆண்டுகள் பயின்றார், ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரைகளைக் கேட்டார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் நவஹோ பழங்குடிகளோடு தங்கினார். இதன் சாயல் கதைகளில் எங்கும் உண்டு. ஒன்பதாவது அத்தியாயத்தில் பல் முளைக்காத இரட்டையருக்குக் காற்றின் பேச்சும், வெயிலின் பேச்சும், ஜன்னலில் வந்து உட்காரும் மைனா இனத்துப் பறவையின் பேச்சும் புரிகிறது. நாங்கள் மறக்கவே மாட்டோம் என்கிறார்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்கிறது பறவை. பல் முளைக்கிறது. அடுத்த முறை பறவை வந்து பேசும்போது குழந்தைகளுக்கு அது வெறும் கீச்சொலி. பறவை அழுகிறது, அழவில்லை என்று மறுக்கிறது. மறக்காமல் வளர்ந்த ஒரே மனிதப் பிறவி மேரி பாப்பின்ஸ்தான் என்று போகிறபோக்கில் ஒரு தகவல். அவள் யார் என்பதற்கு நூல் தரும் விளக்கம் இவ்வளவே. 1935இல் வந்த இரண்டாம் நூலில் அன்னபெல் என்று புதிதாகப் பிறந்த தங்கை, தான் மண்ணும் காற்றும் நெருப்பும் நீரும் என்றும், இருளிலிருந்து கடலும் வானும் கடந்து வந்தேன் என்றும் சொல்கிறாள். ஐம்பூதம் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாக இல்லை.

ஒரு அத்தியாயத்தில் மட்டும் அவளுடைய உள்மனம் சற்று வெளியே தெரிந்துவிடுகிறது. நாம் கார்த்திகைப் பெண்கள் என்று சொல்லும் நட்சத்திரக் கூட்டத்தில் ஒருத்தி, மாயா, கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டன் பெரிய கடைக்குச் சாமான் வாங்க வருகிறாள். உடம்பில் துணியென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு சகோதரிகளுக்கும் பரிசு வாங்கியாயிற்று, தனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. மேரி பாப்பின்ஸ் அன்றுதான் புதிதாகப் போட்டுக்கொண்ட, கண்ணாடிக்குக் கண்ணாடி பார்த்துப் பெருமைப்பட்ட, ரோமம் வைத்த கையுறைகளைக் கழற்றி அவள் கையில் மாட்டிவிடுகிறாள். அன்பு என்று ஒரு வார்த்தை அங்கே இல்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு டிஸ்னி சண்டையைப் பார்த்தால் கொஞ்சம் வேறாகத் தெரியும். வால்ட் டிஸ்னியின் மகள்கள் இந்த நூலை விரும்பிப் படித்தார்கள். 1940களிலிருந்தே உரிமை கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பினார். ஏறத்தாழ 20 ஆண்டுகள் டிராவர்ஸ் மசியவில்லை. கடைசியில் பணமுடை. 1 லட்சம் டாலரும் வசூலில் 5 சதவீதமும் பேசி, திரைக்கதையைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையும் வாங்கிக்கொண்டு, 1961இல் கலிஃபோர்னியா போனார். பேச்சு முழுவதையும் டேப்பில் பதிய வேண்டும் என்றார். அந்த ஒலிநாடாக்கள் இன்றும் இருக்கின்றன. வரிக்கு வரி திருத்தும் கறார்க் குரலைக் கேட்டால் மேரி பாப்பின்ஸே பேசுகிறாளோ என்றிருக்கும்.

அவர் எதிர்த்தவை பல: கார்ட்டூன் பகுதி, பெர்ட்டுக்கும் ஆயாவுக்கும் நடுவே காதல் வாசனை, பாட்டுகளின் தொனி. ஜெயித்தது கொஞ்சம். படம் 1930களின் கதையை 1910க்குத் தள்ளியது, இரட்டையரைக் கழித்துவிட்டது, அம்மாவைப் பெண்கள் ஓட்டுரிமைப் போராளியாக்கியது. எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அப்பா. நூலின் பேங்க்ஸ் களைத்துப்போன, முணுமுணுக்கும், நல்ல மனிதர். படத்தின் பேங்க்ஸ் திருத்தப்படவேண்டிய கல்நெஞ்சக்காரர். ஆயா வருவதே அவரைத் திருத்தத்தான். தன் அப்பாவின் பெயரையே சுமந்து திரிந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? 2013இல் அந்தச் சண்டையைப் பற்றியே டிஸ்னி நிறுவனம் ஒரு படம் எடுத்து, அதில் அவரைக் கடைசியில் சமாதானமாக்கிவிட்டது. நிஜத்தில் சமாதானம் நடக்கவில்லை.

1964 ஆகஸ்ட் 27ஆம் தேதி ஹாலிவுட்டில் முதல் காட்சி. எழுதியவருக்கு அழைப்பில்லை, அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். படம் ஓடும்போது அழுதார். பிறகு டிஸ்னியைப் பிடித்து, அந்தக் கார்ட்டூன் பகுதியை எடுத்துவிட வேண்டும் என்றாராம். கப்பல் கிளம்பிவிட்டது அம்மா என்று அவர் சொல்லிவிட்டு நகர்ந்ததாகப் பாட்டெழுதிய ஷெர்மன் சகோதரர்களில் ஒருவர் பின்னாளில் சொன்னார். படத்துக்கு 13 ஆஸ்கர் பரிந்துரைகள், 5 விருதுகள். ஜூலி ஆண்ட்ரூஸுக்கு முதல் படத்திலேயே சிறந்த நடிகை. ஆண்ட்ரூஸை மட்டும் டிராவர்ஸ் முழுதாகக் குறை சொல்லவில்லை. பிரசவமாகி மருத்துவமனையில் இருந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, நீ அளவுக்கு மீறி அழகு, ஆனால் மூக்கு பரவாயில்லை என்று சொன்னாராம்.

சரி, படம் மோசமா? இல்லை. பாட்டுகளும் புகைபோக்கிக்காரர்களின் ஆட்டமும் இன்றைக்கும் பழசாகவில்லை. அது வேறொரு கதை, அவ்வளவுதான். படத்தில் குடும்பம் சரியானதும் ஆயாவுக்கு அங்கே வேலையில்லை, கிளம்புகிறாள். நூலில் யாரும் சரியாகவில்லை, திருந்தவில்லை. மேலைக்காற்று வீசுகிறது, வசந்தத்தின் முதல் நாள், போய்விடுகிறாள். குழந்தைகள் ஜன்னலில் கத்துகிறார்கள், அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. சொல்லாமல் போய்விட்டாளே என்று அம்மாவுக்குக் கோபம். மைக்கேல் கையில் அவள் கொடுத்த திசைகாட்டி. ஜேனின் தலையணைக்கடியில் பெர்ட் வரைந்த அவள் படம்.

அந்தத் திசைகாட்டிக்கு ஒரு சங்கடமான வரலாறு உண்டு. ஆறாவது அத்தியாயத்தில் மேரி பாப்பின்ஸ் அதை வைத்துக் குழந்தைகளை உலகின் நாலு திசைக்கும் கொண்டுபோகிறாள். 1934 பதிப்பில் அங்கே சந்திப்பவர்கள் எஸ்கிமோ, ஆப்பிரிக்கர், சீனர், செவ்விந்தியர். எல்லாருமே அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கேலிச்சித்திர அச்சில் வார்த்தவர்கள். ஆப்பிரிக்கப் பெண்ணின் பேச்சைப் படிக்கவே கூசும். 1970களின் தொடக்கத்தில் டிராவர்ஸ் வசனத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தார். 1980இல் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகம் புத்தகத்தையே அலமாரியிலிருந்து எடுத்தது. 1981 பதிப்பில் அவரே அத்தியாயத்தைத் திருப்பி எழுதினார்: இப்போது வடக்கே பனிக்கரடி, தெற்கே பஞ்சவர்ணக்கிளி, கிழக்கே பாண்டா, மேற்கே டால்பின். ஷெப்பர்ட் படத்தையும் மாற்றி வரைந்தார். மாற்றும்போதும் டிராவர்ஸ் மனமொப்பி மாற்றியதாகச் சொல்லமுடியாது. குழந்தைகள் யாரும் புகார் சொல்லவில்லை என்றே வாதாடினார். இந்த இடத்தில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. புகார் சொல்லும் இடத்தில் அந்தக் குழந்தைகள் இருக்கவில்லை என்பதுதானே விஷயம். படத்துக்கும் அதே வினை 2024இல் வந்தது: ஆப்பிரிக்க இனக்குழு ஒன்றை இழிவாகச் சுட்டும் சொல்லை அட்மிரல் பூம் சொல்வதால், பிரிட்டன் தணிக்கை வாரியம் அதைப் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கவேண்டிய வகைக்கு மாற்றியது.

டிஸ்னியிடம் பட்ட சூட்டில், மேடை நாடகத்துக்கு உரிமை கேட்டு வந்த கேமரன் மேக்கின்டாஷிடம் எழுதுகிறவர்கள் பிரிட்டிஷ்காரர்களாக இருக்கவேண்டும், படத்தில் வேலை பார்த்த யாரும் கூடாது என்று டிராவர்ஸ் கறாராகச் சொன்னார். 1996இல், 96ஆவது வயதில் இறந்தார். 2004இல் லண்டனில் நாடகம் அரங்கேறியபோது அதில் படத்தின் பாட்டுகளும் இருந்தன. கூடவே நூலிலிருந்து கோரிக் கிழவியும் மேடையேறினாள். ஆவியாக வந்து பார்த்திருந்தால் மூக்கை உறிஞ்சியிருப்பார். ருஷ்யர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை; போரிஸ் ஜகோதெரின் மொழிபெயர்ப்பில் நூல் அங்கே பெரும் புகழ் பெற்று, 1980களில் தனியாக ஒரு இசைப்படமே எடுத்துக்கொண்டார்கள்.

நூல்கள் மொத்தம் எட்டு, கடைசி 1988இல். முதல் மூன்றில் அவள் வருகிறாள், போகிறாள்: ஒரு தடவை காற்றில், ஒரு தடவை மைக்கேலின் காற்றாடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை வாணவேடிக்கைப் பொறியோடு. எப்போதும் வந்து வந்து போய்க்கொண்டிருக்க அவளால் முடியாது என்று சொல்லிவிட்டு, பின்னால் எழுதிய சாகசங்கள் எல்லாம் அந்த மூன்று வருகைகளுக்குள் நடந்தவையே என்று டிராவர்ஸ் கணக்கை முடித்தார். எந்த அத்தியாயத்தையும் தனியாகப் படிக்கலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் 1981க்குப் பிந்தைய பதிப்பாகப் பார்த்து வாங்கி, முதல் அத்தியாயத்தை முடித்ததும் நேராக எட்டு, ஒன்பது, பத்துக்குப் போய்விட்டால் நல்லது. இரண்டாவது அத்தியாயத்தின் டீ விருந்து கொஞ்சம் திகட்டும்.